பழைய லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் போடலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப் எல்லாம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை, வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்தவை, கல்லூரி முடித்த பிள்ளைகள் விட்டுப்போனவை என்று குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒன்றாவது அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கும். அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் சில வருஷம் உழைக்கும். எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போல லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுவது என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் தெரிய வேண்டியவை சில உண்டு.

விண்டோஸை விட முடியாத வேலை இருக்கிறதா

டாலியில் கணக்கு எழுதுபவர், இ-சேவை வேலைக்குக் கைரேகைக் கருவி மாட்டுபவர், டெண்டருக்கோ வரித் தாக்கலுக்கோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர், இந்த மூன்று பேரும் லினக்ஸ் பக்கம் போக வேண்டாம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக டாலியை ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு முடிக்கிற மார்ச் 31 அன்று அது நின்றுபோனால் யாரிடம் கேட்பது? தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிற கடைக்கு வேகத்தைவிட அன்றைய பில் அன்றே அச்சாவதுதான் முக்கியம்.

பிரிண்டரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எல்பிபி 2900 என்ற கேனான் லேசர் பிரிண்டர் இன்னும் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளில் ஓடுகிறது. அது பேசும் கேப்ட் என்ற மொழி லினக்ஸில் சரியாக அமைவது பெரும்பாடு. ஹெச்பி பிரிண்டர் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். எப்சன் எல் வரிசை டேங்க் பிரிண்டர்களுக்கும் டிரைவர் உண்டு.

இந்த வேலைகளில் ஒன்று இருந்தால் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு) மாற்றுங்கள். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை வீட்டு உபயோக லேப்டாப்புக்கும் அப்டேட் கிடைக்கும். அந்தத் தேதியைத் தாண்டினால் கணக்கு லேப்டாப்பில் மெயில், யூடியூப், பேங்க் எதையும் திறக்காமல் கணக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவது உத்தமம். பென் டிரைவில் ஓஎஸ் ஏற்றித் தரும் ருஃபஸ் மென்பொருளால் டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றவும் முடியும். 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள லேப்டாப்பில் அப்படிச் செய்வது நடக்கவே சிரமப்படுகிறவரை மருத்துவாழ்மலை ஏறச் சொல்வது போல. கோர் 2 டியோ லேப்டாப்பில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அது கேட்கிற கட்டளை அந்த ப்ராசஸரில் இல்லை.

மூன்று விவரம் எழுதிக்கொள்ளுங்கள்

முதலாவது, ப்ராசஸர் 32-பிட்டா 64-பிட்டா. விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், எபௌட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும். '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர்' என்று இருந்தால் ப்ராசஸர் 64-பிட், போட்டிருக்கும் விண்டோஸ்தான் 32-பிட். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 32-பிட்டில் மட்டுமே வந்தது. அதோடு வந்த லேப்டாப்பை '32-பிட் மிஷின்' என்றே கடைசிவரை நம்பி, தேவையே இல்லாமல் பழைய ஓஎஸ் தேடி அலைகிறார்கள். கோர் 2 டியோவும் அதற்குப் பின் வந்த கோர் வரிசையும் 64-பிட்தான். ஆட்டம் என்270 போன்ற பழைய நெட்புக் ப்ராசஸர்கள் உண்மையிலேயே 32-பிட்.

இரண்டாவது, ரேம் எவ்வளவு, என்ன வகை, காலி ஸ்லாட் உண்டா. டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35 வோல்ட். 1.35 வோல்ட் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 குச்சியைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும், பீப் சத்தம் வந்தாலும் வரும். பழைய குச்சியைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா. காதை வைத்துக் கேட்டாலே தெரியும், உள்ளே 'கிர்'ரென்று சுற்றினால் ஹார்டு டிஸ்க். பத்து வருஷம் ஓடிய ஹார்டு டிஸ்க்கில் எந்த ஓஎஸ் போட்டாலும் மந்தம்தான். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 2.5 அங்குல அளவு, 7 மில்லிமீட்டர் தடிமன். அதுதான் செய்யக்கூடிய செலவிலேயே பலன் மிகுந்தது. ரேம் கூட்டுவது அடுத்தபடி.

மெதுவாக ஓடுவதற்கு ஓஎஸ் காரணம் இல்லாமலும் இருக்கலாம்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று லேப்டாப்பையும் விடாது. ரேம் குச்சியின் தங்க நிறப் பற்கள் மங்கிப்போய், திடீர் திடீரென்று நீலத்திரை வரும், அல்லது ஆன் ஆகியும் திரை வராது. பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ரேமை எடுத்துப் பற்களை வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகளை ஊதித் தள்ளி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு போய்விடும். புதிய ஓஎஸ் போட்டும் நீலத்திரை போகவில்லை என்று வருகிற லேப்டாப்புகளில் கணிசமானவை இந்த ரப்பர் வைத்தியத்திலேயே சரியாகின்றன.

அடுத்தது சூடு. ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருந்தால் ப்ராசஸர் 90 டிகிரியைத் தாண்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆன் செய்த முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கிறதென்றால் சூடுதான் என்று வைத்துக்கொள்ளலாம். தூசி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும்.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? பிரௌசரில் எந்தத் தளம் போனாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று வருகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 காசு பேட்டரிதான். லேப்டாப்பில் அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரண்டு சிறு வயரும் ஒரு கனெக்டருமாக வைத்திருப்பார்கள். தளங்களின் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். லேப்டாப்பின் நாள்காட்டி 2010-ல் நின்றால் அவை எல்லாமே இன்னும் பிறக்காதவை. இதை வைரஸ் என்று நினைத்து ஓஎஸ் மாற்றியவர்கள் உண்டு.

பழைய ஹார்டு டிஸ்க்கையே வைத்துக்கொள்வதென்றால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' செயலியின் ஸ்மார்ட் பக்கம். 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் எண் பார்க்கப் பார்க்கக் கூடுகிறதென்றால் முதல் வேலை போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுப்பது. 'சிஆர்சி எரர்' மட்டும் கூடினால் டிஸ்க் மேல் குற்றம் இருக்காது, கேபிளோ கனெக்டரோ ஆடுகிறது.

எடை எல்லாம் பிரௌசரில்

சும்மா இருக்கும்போது விண்டோஸ் 10 ஒன்றரை முதல் இரண்டு ஜிபி ரேமைப் பிடித்துக்கொள்ளும். லினக்ஸ் மின்ட்டின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு முக்கால் ஜிபி அளவில் நிற்கும். எடை குறைந்த இன்னொரு லினக்ஸான ஆன்டிஎக்ஸ் கால் ஜிபி அளவுதான். இதைப் பார்த்ததும், எடை குறைந்த ஓஎஸ் போட்டால் 2 ஜிபி லேப்டாப் பறக்கும் என்ற ஆசை வரும். பறக்காது. ஜிமெயில் ஒன்று, யூடியூப் ஒன்று, வாட்ஸ்அப் வெப் ஒன்று என்று மூன்று டேப் திறந்தால் பிரௌசர் மட்டுமே ஒன்றரை ஜிபிக்குப் போய்விடும். எந்த ஓஎஸ் ஆனாலும் அந்த எடை அதே எடைதான். ஓஎஸ் மாற்றுவதால் கிடைப்பது ஒரு ஜிபி இடம், ஏறக்குறைய இரண்டு டேப். பிரௌசரில் ஷிஃப்டோடு எஸ்கேப் அழுத்திப் பார்த்தால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அழகுக்காகவே தேர்ந்தெடுக்கலாம், லினக்ஸ் மின்ட் சின்னமன் விண்டோஸ் பழகிய கைக்கு அப்படியே ஒத்துவரும். 4 ஜிபி என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. இரண்டும் 22 வரிசை, 2029 வரை அப்டேட் உண்டு. இந்த அளவு ரேமுக்கு லினக்ஸில் இந்த இரண்டைத் தவிர வேறு பெயர்களைத் தேடி நேரம் போக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதும் ஓஎஸ்ஸின் தரத்தில் சேர்த்திதான்.

4 ஜிபி ரேம், வேலை முழுக்க பிரௌசருக்குள் என்றால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸும் ஒரு வழி. ப்ளே ஸ்டோர் வராது, டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழியும், விண்டோஸோடு சேர்த்து வைக்க முடியாது. இணையம் இல்லாத நேரத்தில் கை கட்டி உட்கார வேண்டியதுதான். குலசேகரம் மலையோரத்தில் சிக்னலுக்கு மொட்டை மாடி ஏறுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

2 ஜிபி, கூட்டவும் வழியில்லை என்றால் ஆன்டிஎக்ஸ், அல்லது டெபியன் என்ற லினக்ஸில் எல்எக்ஸ்கியூடி என்ற எடை குறைந்த டெஸ்க்டாப் தோற்றம். லிப்ரேஆபீஸில் கடிதம், பிடிஎஃப் படிப்பது, பாட்டு, பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கம், ஒன்றிரண்டு டேப். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

நிஜமான 32-பிட் ப்ராசஸர் என்றால் வழி குறுகிக்கொண்டே போகிறது. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் 12-ல் உண்டு, அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரும் 144-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. அந்த லேப்டாப்பை இணையம் இல்லாமல், பாட்டுப் பெட்டியாகவோ டைப்ரைட்டராகவோ வைத்துக்கொள்ளலாம். அதில் எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது வீண் செலவு.

களியக்காவிளை எல்லையை ஒட்டி, பிள்ளை பாறசாலைப் பக்கம் கேரளப் பள்ளியில் படிக்கிறதென்றால் இன்னொரு வழியும் உண்டு. அங்கே பள்ளிகளில் ஓடுவது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட்டின் கைட் குனு/லினக்ஸ், உபுண்டு அடிப்படை. ஐடி பாடப்புத்தகம் சொல்லும் மென்பொருள்கள் அதிலேயே இருக்கும். வீட்டிலும் அதே இருந்தால் பாடம் படிக்க எளிது.

பென் டிரைவ் தயாரிப்பு

முதலில் காப்பி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு, டாலி டேட்டா ஃபோல்டர், இவற்றோடு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பாமினி, வானவில் எழுத்துருக்களும். இந்தக் கடைசி ஐட்டத்தை எல்லோரும் மறப்பார்கள். கல்யாணப் பத்திரிகையும் சங்கத் தீர்மானமும் பாமினியில் அடித்து வைத்திருந்தால், எழுத்துரு இல்லாமல் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். லினக்ஸில் எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் பழையபடி படிக்கலாம்.

லேப்டாப்புக்கு அடியில் லைசென்ஸ் சாவி அச்சிட்ட விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். விண்டோஸ் 8-க்குப் பின் விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் சாவி பயாஸுக்குள்ளேயே (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) இருக்கும், திரும்ப விண்டோஸ் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் குறித்துக்கொள்ளாமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.

ஓஎஸ் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பிளானில் இருப்பவர்கள் டோரன்ட் வழியாக இறக்கினால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரௌசரில் இறக்கி நடுவில் அறுந்தால் பல நேரம் முதலிலிருந்துதான். இறங்கியதும் ருஃபஸில் கோப்பைத் தேர்ந்து, பக்கத்தில் இருக்கும் டிக் குறியை அழுத்தினால் எஸ்ஹெச்ஏ256 எண் வரும். அதைத் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்தால் இறக்கம் முழுமை என்று கொள்ளலாம். பாதி இறங்கிய கோப்பு இன்ஸ்டால் நடுவில் எங்கோ நின்று, டிஸ்க்தான் கெட்டது என்று நம்மை நம்பவைக்கும்.

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருப்பது அழியும். 2012-க்கு முந்தைய லேப்டாப் என்றால் ருஃபஸின் 'பார்ட்டிஷன் ஸ்கீம்' இடத்தில் எம்பிஆர், பிந்தையது என்றால் ஜிபிடி. ஆன் செய்ததும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ எஃப்12. ஹெச்பி எஸ்கேப் அழுத்திப் பின் எஃப்9. அசூஸ் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை இயக்கி வைக்க வேண்டும். இது தெரியாமல் பென் டிரைவைக் குறை சொல்வார்கள்.

போடும் முன் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவிலிருந்து மின்ட்டை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம். அவசரப்படாமல் அரை மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டிலும் சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டும் கீ வேலை செய்கிறதா, வெப்கேம், டச்பேட். கடைசியாக மூடியை மூடி, இரண்டு நிமிஷம் கழித்துத் திறங்கள். பழைய லேப்டாப்பில் மிகுதியாக மாட்டுவது இந்த இடம்தான், தூங்கப் போய் எழுந்திருக்காது. எழவில்லை என்றால் மூடியதும் தூங்கும் வசதியை அணைத்து வைத்து வாழலாம். தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

வைஃபை இல்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சிப். போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் (போன் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள், லினக்ஸ் அதை உடனே பிடிக்கும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரை அதுவே காட்டும், தேர்ந்து ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வரும். நடுவில் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு வசதிக்குப் பாஸ்வேர்டு கேட்டுக் குழப்பினால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.

இன்ஸ்டால் சாதாரணம்தான், கேட்கிறதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே ஓர் இடத்தில் கவனம்: 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால்' என்பது அந்த டிஸ்க்கில் இருக்கும் எல்லா டிரைவையும் சேர்த்து அழிக்கும், டி டிரைவில் வைத்தது தப்பும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கும்.

பேட்டரி செத்த லேப்டாப்பில், ஆனி ஆடிக் காற்றில் கரண்ட் மின்னி மின்னிப் போகும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அரை மணி நேர வேலையில் ஒரு நொடி கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்துதான். இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

தமிழ் எழுத்து, யூடியூப்

கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 என்று ஒன்று இருக்கும். அதைச் சேர்த்தால் எழுத்து வரும், ஆனால் புள்ளி தானாக விழாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டு, லாக்அவுட் செய்து வந்து, ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழ், தமிழ்99 என்று சேருங்கள். இதில் க-வை இரண்டு முறை அடித்தால் 'க்க' தானே வரும். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது. மலையாளமும் எழுதுகிற விளவங்கோட்டுக்காரர்கள் அதே பட்டியலில் மலையாளத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரே கீயில் மாறி மாறி எழுதலாம்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடி, ஃபேன் இரைகிறதா? யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வீடியோ வடிவங்களைப் பிரிக்கும் வசதி பழைய சிப்பில் கிடையாது. 2011 வாக்கில் வந்த 2-ஆம் தலைமுறை இன்டெல்கூட ஹெச்.264-ஐத் தனியாகப் பிரிக்கும், விபி9 என்றால் ப்ராசஸர் தலையில்தான் முழுச் சுமையும் விழும். பிரௌசரில், யூடியூபை ஹெச்.264-இலேயே அனுப்பச் செய்யும் ஹெச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு, தரத்தை 720-ல் நிறுத்துங்கள். ஃபேன் சத்தம் குறைவதைக் காதாலேயே கேட்கலாம்.